பத்தாம் ஆள் வரும்வரை

இன்னும் ஒருவர் வந்தாக வேண்டும். மருந்துக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு உரிய மருந்து இருக்கிறது. திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆகவே பத்துப் பேர் சேராமல் திறப்பதில்லை என்று செவிலி சொல்லிவிட்டாள். துறைமுகத்துத் தடுப்பூசி நிலையத்தின் அந்தக் கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். கோமதி மறுபடியும் எண்ணினாள். சன்னலோரத்தில் கப்பல் வேலைக்குப் போகிற இருவர். நடுவில் கணவன், மனைவி, இரண்டு பெண்மக்கள் என்று நான்கு பேர். சுவரை ஒட்டிய நீள இருக்கையில் கூடப்பிறந்த அண்ணாச்சி, அவர் மனைவியான மதினி, அவள். ஒன்பதுதான். எண்ணி எண்ணிப் பார்த்தாலும் எண் கூடவுமில்லை, குறையவுமில்லை. பத்தாம் ஆள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு எந்த நிமிடத்திலும் வரலாம். வந்தால் குப்பி திறக்கும். குப்பி திறந்தால் டோக்கன் வரிசைப்படி ஊசி. ஏழாம் டோக்கன் அண்ணாச்சியுடையது. ஊசி ஏறினால் அண்ணாச்சி செத்துப்போவார். போவார் என்று எப்படிச் சொல்வது? போகலாம். சாகலாம், சாகாமலும் இருக்கலாம். எதிர்ச்சுவரில் நீல எழுத்தில் எழுதியிருக்கிற அறிவிப்பும் அப்படித்தான் சொல்கிறது: மஞ்சள் காய்ச்சலுக்கான இத்தடுப்பு மருந்து கோழிமுட்டைக் கருவில் வளர்க்கப்படுவது, முட்டை ஒவ்வாதவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது, மீறினால் உயிருக்கு ஆபத்து நேரலாம். நேரலாம். அந்தச் சொல்லையே அவள் கால்மணி நேரமாகக் கல்லை நாக்கால் புரட்டுவது போலப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. கத்தியைத் தொட வேண்டாம், விஷத்தைத் தேட வேண்டாம். இத்தனை ஆண்டுகளாக எதைச் செய்து வந்தாளோ அதையே, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையே, இன்னும் கொஞ்ச நேரம் செய்தால் போதும்.

அண்ணாச்சி அறிவிப்பைப் படிக்கவில்லை. சங்கரலிங்கம் பிள்ளை எழுதுகிற சாதி, படிக்கிற சாதி அல்ல. அரசுப் பணியில் கோப்புகளில் எழுதி எழுதி, போன ஆண்டு விருப்ப ஓய்வு பெற்ற பிறகும் எழுதுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது அவருக்கு. காலையில் காரில் வரும்போதே மூன்று படிவங்களையும் மடியில் வைத்துக்கொண்டு, மூவருக்கும் தாமே கேள்விகளின் எதிரே மேலிருந்து கீழாக இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். உடற்குறை ஏதேனும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. கோமதிக்கு இடக்காது கேட்காது. அங்கும் இல்லை. படிவங்களை வாங்கிக்கொண்ட செவிலி, "யாருக்காவது முட்டை ஒத்துக்காதா சார்?" என்று கேட்டபோது அண்ணாச்சி தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். "நாங்க சைவம்மா. ஏழு தலைமுறையா அந்த வாசனை தெரியாது." பிரமு மதினி தன் பங்குக்கு, "கேக்குகூட முட்டை போடாததுதான் வாங்குவோம்" என்றாள். செவிலியும் சிரித்தாள். முட்டையே தின்னாதவர்களுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாமல் போவது எப்படி? நியாயந்தானே. படிவத்தின் மேல் முத்திரை டப்பென்று விழுந்தது. அந்தச் சத்தம் கோமதியின் வலக்காதுக்குள் போய், போன வழியில் திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏட்டி கோமு, இங்க பாரு." அண்ணாச்சி கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். புல்வெளி. மஞ்சள் நிறத்தில், முடிவே இல்லாமல், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்கிற புல். அதற்குள் முதுகு தெரியாமல் பதுங்கிப் போகிற பெண்சிங்கம். எத்தனையாவது முறை! இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை. மகன் குமரேசன் நைரோபியில் சிமெண்டு ஆலையில் பொறியாளனாக இருக்கிறான். அவன் அழைத்து, அண்ணாச்சி திட்டமிட்டு, பதினொரு நாளைக்கு மணி வாரியாக ஒரு கோப்பு தயாராகிவிட்டது. ஐந்தரைக்கு எழுந்திருப்பது, ஆறுக்கு வண்டி ஏறுவது, எந்த ஆற்றை எந்தத் துறையில் மாட்டுக்கூட்டம் கடக்கும், முதலை எந்தக் கரையில் காத்திருக்கும், எல்லாம் வகுத்தாகிவிட்டது. வண்டியில் அண்ணாச்சி முன்னால், மதினி அவருக்குப் பின்னால், நடு இருக்கையில் பொடிப்பைகளோடு கோமதி. அவளை அழைத்துப்போவதே அதற்குத்தான். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல். அந்த நாட்டில் எந்தச் சட்டியில் எதைக் கிண்டினார்களோ, யார் கண்டது? "பாரு, பாரு, இப்ப பாயும்." பாய்ந்தது. மாடுமல்லாத குதிரையுமல்லாத அந்தத் தாடிவைத்த பிராணி ஒன்று முன்னங்கால் மடிந்து விழுந்தது. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏங்க, ஊசி போடுத இடத்துல வச்சு இது வேணுமா?" "வேற எதுக்குட்டி அவ்வளவு தூரம் போறது? யானையும் மானும் இங்கன பாக்காததா? அடிக்கிறதைப் பாக்கணும். அடிக்கிறதைக் கண்ணால பாக்கணும்." சொல்லும்போது அண்ணாச்சியின் கீழுதடு ஈரமாகப் பளபளத்தது. குமரேசன் அனுப்பியிருந்த குரல்பதிவு ஒன்றையும் அவர் ஓடவிட்டார். "அப்பா, சிங்கம் கடிச்சுக் கொல்றதில்ல. தொண்டையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு அப்படியே படுத்துக்கிடும். மூச்சு அடைச்சுத்தான் அது சாகும். அஞ்சு நிமிஷம் ஆகும், பத்து நிமிஷமும் ஆகும்." பத்து நிமிடம். கைப்பேசிக்குள் அந்தப் பிராணியின் பின்னங்கால் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது. இரத்தமே இல்லை. இத்தனை சுத்தமாக ஒரு கொலை நடக்கும் என்று கோமதி நினைத்ததில்லை. தொண்டையைப் பற்றியிருக்கிற வாய் ஒன்றும் செய்யவில்லை. பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிறது. அவளும் சும்மா இருக்கலாம்.

கதவு அசைந்தது. காற்றுத்தான். மூச்சு அடைத்தால் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில் தெரிந்துகொண்டாள். அண்ணாச்சிக்கு அப்போது பன்னிரண்டு; அண்ணாச்சி என்று மரியாதை வராத, வெறும் சங்கரன். பேருந்து நிலையத்துக் கடையில் எவனோ கூட்டாளியோடு முட்டைப் போண்டா தின்றுவிட்டு வந்தவன் புழக்கடைத் தொழுவத்தில் போய் விழுந்தான். அவள்தான் முதலில் பார்த்தாள். முகம் பூசணிக்காயாகி, கண் இரண்டும் கீறலாகி, உதடு பிதுங்கி, மூச்சை இழுக்கும்போது துருத்தி ஓட்டையானது போல ஒரு சத்தம். "முட்டை தின்னேன்ட்டி, முட்டை தின்னேன்" என்று அந்த உதட்டால்தான் சொன்னான். சாகப் போகிறோம் என்று நினைத்திருப்பான், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டான். பெரியவர்கள் ஓடிவந்தார்கள். காணாக்கடி என்றார்கள். கண்ணுக்குப் படாத ஏதோ பூச்சி தீண்டிவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். கம்பவுண்டரைக் கூப்பிட்டு ஓர் ஊசியும் போட்டார்கள். உப்பில்லாத பத்தியம் எட்டு நாள். சைவப் பிள்ளைமார் தெருவில் ஒரு பையனின் முகம் வீங்கினால் அதற்குக் காணாக்கடியைத் தவிர வேறு காரணம் இருக்க முடியுமா? ஒன்பதாம் நாள் வீக்கம் வடிந்ததும் சங்கரன் அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். துவைக்கிற தொட்டி நிறையத் தண்ணீர். பின்கழுத்தைப் பிடித்து முகத்தை உள்ளே அழுத்தினான். பச்சைப் பாசி கண்ணுக்கு வெகு அருகில் ஆடியது. தூக்கி, "சொல்லுவியா?" என்றான். பதில் சொல்வதற்குள் மறுபடி அழுத்தினான். மூன்றாம் முறை தூக்கியபோது அவளுக்குச் சொல்லவே வாய் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். சொல்ல மாட்டேன். சொல்லவில்லை. நாற்பத்தாறு ஆண்டு. போன ஆவணியில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். தட்டில் வைத்துக் கொடுத்த கேக்கை அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார். அடுத்த நிமிடம் உதடு தடித்தது, கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. துப்பிவிட்டு, "கலர்ப்பொடி போட்டுத் தொலைச்சிருக்கான்" என்றார். கோமதி எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு போய், மறுநாள் அந்த வீட்டுக்காரியிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். முட்டை போட்ட கேக்குத்தான்; அவர்கள் சொல்லப் பயந்து சொல்லாமல் விட்டிருந்தார்கள். ஆக, ஐயத்துக்கு இடமே இல்லை. ஒருமுறை என்றால் பூச்சி; இருமுறை என்றால் முட்டை.

கப்பல்காரர்களில் ஒருவன் எழுந்து போய்ச் செவிலியிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தான். "பத்தாவது ஆள் பஸ்ஸில வந்துக்கிட்டு இருக்காங்களாம்" என்றான் பொதுவாக. பேருந்து. எந்த நிறுத்தத்தில் நிற்கிறதோ. நிற்கட்டும். இல்லை, வரட்டும், சீக்கிரம் வரட்டும். கோமதி தன் கைகளைப் பார்த்தாள். மடியில், ஒன்றின்மேல் ஒன்றாக, வெண்டைக்காய் நறுக்கினாற் போன்ற பழைய தழும்புகளோடு, ஐம்பத்தைந்து வயதுக் கைகள். விரல்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஞானராஜுக்கு அப்படி இல்லை. அவளுக்கு இருபது வயதில் தட்டச்சு சொல்லிக் கொடுத்த ஞானராஜ். அவனுடைய விரல்கள் எந்திரத்தின் மேல் ஓடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு முதலில்… எந்திரம் இல்லாத இடத்தில், கடற்கரைக் கோயில் திருவிழாவில், அந்த விரல்கள் அவள் கையைப் பற்றியது ஒரே ஒருமுறை. யாரோ பார்த்துவிட்டார்கள். அண்ணாச்சி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பயிலகத்துக்குப் போனார். அவளையும் இழுத்துக்கொண்டு போனார், பார்க்கட்டும் என்று. பார்க்கத்தான் கூட்டிப் போனார். மேசைமேல் ஞானராஜின் வலக்கையை இருவர் விரித்துப் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சி தட்டச்சு எந்திரத்தை, அந்தப் பதினைந்து கிலோ இரும்பை, இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் போட்டார். ஒருமுறை அல்ல. எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிகிற சத்தம் போல இருக்காது. சேமியா நொறுங்குகிற சத்தம், அவ்வளவுதான், அவ்வளவு சின்னச் சத்தம். "முட்டையும் மீனும் திங்கற வாய்க்கு எங்க வீட்டுப் பொண்ணு கேக்குதோ?" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லிப் போட்டார். முட்டை. அந்தச் சொல்லை அவர் அன்று வாய் கூசாமல் சொன்னார். அவள் அலறினாளா? அலறியிருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வந்து இடக்கன்னத்தில் அறைந்தார், அந்த அறையோடு அந்தப் பக்கத்து உலகம் அடைத்துப்போயிற்று. காது போன பெண்ணுக்கு வரன் வரவில்லை. வந்த இரண்டையும் அண்ணாச்சியே தட்டிவிட்டார். அப்புறம் அடுப்படி. அப்புறம் முப்பத்தைந்து ஆண்டு அடுப்படி. ஞாயிறுதோறும் அண்ணாச்சி திருமுறை மன்றத்தில் புலால் மறுத்தல் பற்றிப் பேசிவிட்டு வந்து, அவள் வைத்த சாம்பாரில் உப்புக் குறைவு என்று கிண்ணத்தோடு விட்டெறிவார். சூடு முழங்கையில் விழும். அவள் துடைப்பாள், தரையை முதலில், கையைப் பிறகு. செத்துப்போகட்டும். உதடு பிதுங்கட்டும். இந்தக் கூடத்தில், இத்தனை பேர் நடுவில், நாக்கு தடித்து வாய்க்குள் கொள்ளாமல் வெளியே வரட்டும். காற்றை உதைக்கட்டும் அந்தக் கால். அவள் அப்போது எங்கே இருப்பாள்? பக்கத்திலேயே, சும்மா, பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடமும் ஆகும், பத்து நிமிடமும் ஆகும். அவளுடைய தொண்டையில் ஏதோ இனித்தது. இனிப்பா, பித்தமா என்று பிரித்தறிய முடியாத ஒன்று. கடவுளே, இது நானா? நான்தான். எனக்குள் இருந்த இந்தச் சிங்கத்துக்கு இவ்வளவு நாள் பருப்புப்பொடி போட்டு வளர்த்திருக்கிறேன்.

கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் ஒரு கன்னியாஸ்திரீ, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பஸ் பிந்திடுச்சு, மன்னிச்சுக்கிடுங்க" என்று எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். பத்து. உள்ளே குளிர்பெட்டி திறந்து மூடுகிற ஓசை. கூடத்தின் மூலையில் பச்சைத் திரைக்கு முன்னால் மேசை. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெண் மருத்துவர். ஒன்று. இரண்டு. கப்பல்காரர்கள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. சின்னப் பெண் அழுதது. எண்கள் இவ்வளவு வேகமாக ஓடும் என்று கோமதி நினைக்கவில்லை. "ஏழு, சங்கரலிங்கம்." அண்ணாச்சி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே போனார். வெள்ளை வெளேரென்ற, மயிர் நரைத்த புயம். மருத்துவர் படிவத்தைப் பார்த்தார். "கடைசியா ஒரு தடவை கேக்கணும், விதி. இது முட்டையில வச்சு வளர்த்த மருந்து சார். ஒத்துக்காதவங்களுக்கு முகம் வீங்கும், மூச்சு அடைக்கும், ஆளே போயிரலாம். உங்களுக்கு எப்பவாவது அப்படி வந்திருக்கா?"

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் விரல்கள் நின்றன. கோமதி அதைப் பார்த்தாள். அவருடைய மேலுதட்டின்மேல் வியர்வை மணி மணியாக எழும்பியது. தெரிந்துவிட்டது அவருக்கு. இந்த நொடியில், நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, காணாக்கடியும் கலர்ப்பொடியும் உதிர்ந்து விழ, தம்மைக் கொல்லப் பார்த்தது எது என்று தெரிந்துவிட்டது. அவர் திரும்பினார். மருத்துவரை அல்ல, மதினியை அல்ல, கோமதியைப் பார்த்தார். கிணற்றடியில் பார்த்த அதே பார்வை. சொல்லுவியா? கழுத்தைப் பிடித்த கை அங்கிருந்தே நீண்டு வந்தது. உயிர் போனாலும் போகட்டும், பெயர் போகக் கூடாது. செத்தாலும் சைவப் பிள்ளையாகச் சாவேன். நீ வாயைத் திறக்காதே. "இல்ல டாக்டர்" என்றார் அவர், அவளைப் பார்த்துக்கொண்டே. "நாங்க பரம்பரைச் சைவம்." ஊசி குப்பிக்குள் இறங்கி மருந்தை உறிஞ்சியது. கோமதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகை போல வந்தது. இவ்வளவு நேரம் இந்த மௌனத்தை அவள் தன் பல் என்றும் தன் நகம் என்றும் நினைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாளே, இதுவும் அவருடையதுதான். அவர் கட்டளையிட்டது, அவள் கீழ்ப்படிவது. அவர் சாவதுகூட அவள் கீழ்ப்படிந்ததால் சாவதாகத்தான் முடியும். மாலையோடு படுத்திருப்பார்; திருமுறை மன்றத்தார் பதிகம் பாடுவார்கள்; தூய சைவர் என்பார்கள்; அவள் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொண்டிருப்பாள். சீ!

"டாக்டரம்மா, ஊசியைக் கீழ வையுங்க." தன் குரல்தானா? கூடம் முழுவதும் கேட்டது. "எங்க அண்ணாச்சி முட்டை தின்னவரு."

"ஏட்டி!" என்றாள் மதினி.

"பன்னெண்டு வயசுல பஸ் ஸ்டாண்டுக் கடையில முட்டைப் போண்டா தின்னுட்டு வந்து முகம் வீங்கி, மூச்சு இல்லாமக் கெடந்தாரு. போன வருசம் கேக்கு. உதடு தடிச்சுப் போச்சு. ரெண்டையும் என் கண்ணால பாத்தேன்."

"பொய்யி" என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்தது. "அவளுக்குப் புத்தி சரியில்ல டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீங்க போடுங்க."

"புத்திக்கு ஒண்ணும் இல்ல. காதுதான் போச்சு. அதுவும் இவரு அடிச்சது. முட்டை திங்கான்னு சொல்லி ஒருத்தன் விரலை எல்லாம் நசுக்கிட்டு வந்து அடிச்சாரு. தின்னது யாருன்னு இவருகிட்டயே கேளுங்க. கேளு மதினி. உம் புருசன்தானே, கேளு."

மேசையிலிருந்து இருக்கைக்கு நாலு எட்டு. அந்த நாலு எட்டையும் அவர் எப்படிக் கடந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அறை வலக்கன்னத்தில் விழுந்தது. காதுக்குக் கொஞ்சம் கீழே. கோமதி தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குனிந்திருந்தால் அதுவும் காதில்தான் விழுந்திருக்கும். வாய்க்குள் இரத்தத்தின் உப்பு. நல்ல உப்பு, குறைவில்லாத உப்பு. அடுத்த அடிக்கு ஓங்கிய கையைக் கப்பல்காரன் ஒருவன் பிடித்துக்கொண்டான். கன்னியாஸ்திரீ எழுந்து நடுவில் வந்து நின்றார். சின்னப் பெண்கள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். அத்தனை கண்களும் அண்ணாச்சியின் கையையே பார்த்தன. வீட்டுக்குள்ளேயே இத்தனை காலம் இருந்த கை. வெளிச்சத்தில் அது மிகவும் கிழடாக இருந்தது.

"கையை எடுங்க சார்" என்று மருத்துவர் எழுந்து நின்று சொன்னார். "அந்தம்மா உங்க உயிரைக் காப்பாத்தியிருக்காங்க. அதுக்கா இது? உங்களுக்கு ஊசி கிடையாது. ஊசி போட்டதுக்குத் தர்ற மஞ்சள் அட்டை இல்லாம விமானத்துலயும் ஏத்த மாட்டாங்க." படிவத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. காப்பாற்றினாளா? கோமதி அந்தச் சொல்லை வாங்கிப் பார்த்தாள், கையில் நிற்கவில்லை. அவள் பேசியது இரக்கத்தால் அல்ல என்பது அங்கே அண்ணாச்சி ஒருவருக்குத் தெரியும். அவர் இருக்கையின் ஓரத்தில், தொடைமேல் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "நெசமாங்க?" என்று மதினி மெல்லக் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மதினி எழுந்து, மூன்று இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். எட்டு என்று கூப்பிட்டபோது அவள் அசையவில்லை.

"ஒன்பது, கோமதி."

அவள் எழுந்தாள். கன்னம் கனன்று, வீங்கத் தொடங்கியிருந்தது. "இப்பவே போட்டுக்கணுமாம்மா? இன்னொரு நாள் வாங்களேன்" என்றார் மருத்துவர். "போடுங்க" என்றாள். குளிர்ந்த பஞ்சு, பிறகு எறும்பு கடித்தாற் போல ஒன்று, அவ்வளவே. "எப்பம்மா போறீங்க? பத்து நாள் கழிச்சுத்தான் இது செல்லும்." "பத்து நாள்ல போகலாமா?" "போகலாம். ஆனா இப்ப அரைமணி நேரம் இங்கயே உக்காந்திருக்கணும்." மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் போய் அவள் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் அவரையே பார்த்தாள். அவருடைய மார்பு ஏறியது, இறங்கியது. மூக்கு விடைத்தது, சுருங்கியது. தடையில்லாமல், சத்தமில்லாமல், காற்று போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு மூச்சும் அவள் போட்ட பிச்சை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்.